காப்புப் பட்டியலில் இல்லாதவள்

லிங்கதுரை தன் அம்மாவைக் கீழே கேன்டீனில் உட்காரவைத்து, ஒரு தோசைக்குச் சொல்லிவிட்டு, மூன்றாவது மாடிக்குத் தனியாக ஏறி வந்தான். அவன் தனியாக வந்து நின்றதிலேயே எப்சிபாவுக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

"அம்மா வரலையா?"

"அம்மாவுக்குத் தெரியாது மேடம். பித்தப்பையில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். கரைக்கிறதுக்கு மாத்திரை குடுப்பாங்கன்னு நம்பிக்கிட்டிருக்காங்க. நீங்க எதுவும் சொல்லிராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

சொன்னபடியே கும்பிட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அகலமான கைகள்.

கருணைக்கரைப் புற்றுநோய் மருத்துவமனையின் மருந்து வடிவமைப்புப் பிரிவில் எப்சிபாவுக்கு இது ஆறாவது வருடம். அவள் மருத்துவர் இல்லை. கணினி மருந்தை வரையத் தொடங்குவதற்கு முன் நோயாளியின் எதிரில் உட்கார்ந்து, கேள்விகள் கேட்டு, காப்புப் பட்டியல் எழுதுவது அவள் வேலை. ஒவ்வொரு பட்டியலையும் தொடங்கும் முன்னால் கண்ணை மூடி, "ஆண்டவரே, என் கை பிசகாமல் பார்த்துக்கொள்ளும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அன்றைக்கும் சொன்னாள்.

"எதுக்குப் பட்டியல் எழுதறோம்னு டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு. பாதிதான் புரிஞ்சுது."

"உங்க அம்மாவோட கட்டிக்குள்ள ஒரு நொதி இருக்கு. உடம்புக்குள்ள ஓயாம வேலை பாக்குற ஒரு ஆள்னு வச்சுக்கோங்க. அது பாக்குற வேலையாலதான் கட்டி வளருது. அதோட வாயில கச்சிதமாப் போய் அடைச்சுக்கிற மாதிரி ஒரு மருந்தை எங்க கணினி வரைஞ்சு குடுக்கும். உங்க அம்மாவுக்கு மட்டும்தான் அந்த மருந்து. வேற யாருக்கும் பொருந்தாது."

"அப்ப நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான். ஆனா அந்த நொதிக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க மாதிரி எல்லாம் ஒரே சாடை. ஒண்ணு கண்ணுல வேலை செய்யும், ஒண்ணு கைநரம்புல, ஒண்ணு காதுல. அவங்க நல்லவங்க. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. சாடையப் பாத்து அவங்க வாயையும் அடைச்சிரும். எதைத் தொடக்கூடாதுன்னு நாம முன்னாலயே சொல்லிட்டா, அதை விட்டு விலகிப் போற மாதிரி வரையும்."

"அப்ப எல்லாத்தையும் தொடக்கூடாதுன்னு எழுதிருங்க!"

எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். எப்சிபா இல்லையென்று தலையசைத்தாள்.

"ஒவ்வொண்ணா விலக விலக, மருந்தோட பிடி தளரும். பிடி நூத்துக்கு எழுபதுக்குக் கீழே போனா கட்டி ஜெயிச்சிரும். அதனாலதான் எது ரொம்ப முக்கியம்னு கேக்கிறோம். அதை அம்மாதான் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க வீட்ல அம்மாவும் நானும்தான். அப்பா போய்ப் பன்னெண்டு வருசமாச்சு. அவங்களப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன மேடம் இருக்கு? புத்துன்னு தெரிஞ்சா அன்னைக்கே பாதி செத்துருவாங்க."

அங்கேதான் எப்சிபா வழுக்கினாள். அவளுடைய அப்பா நாசரேத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒரு மருத்துவர், நல்ல மனிதர்தான், மேஜைக்கு எதிரே உட்காரவைத்து முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நோய் கொல்ல ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அவர் மூன்று வாரத்தில் போய்விட்டார். சொல்லாமல் இருப்பதும் ஒரு இரக்கம்தான் என்று எப்சிபா அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

படிவத்தின் மேற்பகுதியில் ஒரு கட்டம் இருந்தது. 'நோயாளியால் பதில் சொல்ல இயலவில்லை. நெருங்கிய உறவினர் சொல்கிறார்.' மயக்கத்தில் கிடப்பவர்களுக்காக வைத்த கட்டம் அது. கீழே கேன்டீனில் தோசை தின்றுகொண்டிருந்தவளுக்காக எப்சிபா அதில் குறியிட்டாள்.

லிங்கதுரை யோசித்து யோசித்துச் சொன்னான். முதலில் கை. "யூனிபார்ம் தைக்காங்க மேடம். நாலு பள்ளிக்கூடத்துக்கு. கை போச்சுன்னா அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல." பிறகு கண். கால். காது. "நாக்கு ருசி வேணும், குழம்புல உப்பு பாக்காம இருக்க மாட்டாங்க." கடைசியாக ஞாபகசக்தி. "என்னை மறந்துறக்கூடாது பாருங்க" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

பதினோரு நாட்கள் கழித்து, பிரிவின் தலைவர் நல்லபெருமாள் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நாற்பது வருடமாக வேதியியலோடு வாழ்ந்தவர். பேச்சில் சலிப்பும் வேலையில் அக்கறையும் உள்ள மனிதர்.

"உங்க தையல்கார அம்மாவுக்குப் பிடி ஐம்பத்தெட்டுலயே நிக்குது. கையைக் காப்பாத்தியாச்சு, கண்ணைக் காப்பாத்தியாச்சு. இன்னும் ஒரு சொந்தக்காரன் குறுக்க நிக்கிறான். அவனை விட்டுக்கொடுத்தா எண்பத்தொன்பது."

"அவன் எங்க சார் இருக்கான்?"

"மூளைத்தண்டுல. உறக்கத்துல கனவு பிறக்கிற இடம். அதை அடைச்சா தூக்கத்துக்கு ஒரு குறையும் வராது. கனவு மட்டும் வராது."

"வேற ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. எனக்குக் குடுத்தா நானே சாப்பிடுவேன். கனவுல இன்னும் பரீட்சை எழுதிக்கிட்டிருக்கேன்."

எப்சிபா லிங்கதுரையைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். மறுமுனையில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கனவா? நான் கையோ காலோன்னு பதறிட்டேன் மேடம். கனவை வச்சு என்ன செய்யப்போறாங்க? நிம்மதியாத் தூங்கட்டும்."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் அவள் பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில், எலுமிச்சம்பழ அளவில் இருந்த கட்டி புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. லிங்கதுரை மூன்றாவது மாடி முழுவதற்கும் மக்ரூன் வாங்கி வந்து கொடுத்தான். நல்லபெருமாள் சர்க்கரை வியாதியை மறந்து நான்கு தின்றார். ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் எப்சிபாவைத் தனியாக அழைத்தான்.

"மேடம், கட்டி சுருங்குது. அம்மாவும் சுருங்கிட்டே போறாங்க. சாப்பிட மாட்டேங்காங்க. தச்சுக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நிறுத்திட்டு வாசலைப் பாக்காங்க. எந்தக் கோயிலையும் விடல. மாத்திரைதான் ஒத்துக்கலையோ?"

"அம்மாவை மேலே அனுப்புங்க. எடை பாக்கணும்னு சொல்லுங்க. நீங்க மருந்து வாங்கிட்டு வாங்க."

சண்முகக்கனி ஐம்பத்தெட்டு வயதுக்காரி. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கழுத்தில் தாலிச் சரடு இருந்த இடத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்திருந்தாள். அறைக்குள் நுழைந்தவள் எடைக் கருவியைப் பார்க்கவில்லை. எப்சிபாவின் வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்தாள்.

"பை கிழிஞ்சு தொங்குது பாருங்க. கழட்டிக் குடுங்க."

"பரவாயில்லம்மா, அப்புறம்..."

"அப்புறம்னா முழுசாக் கிழிஞ்ச அப்புறமா? குடுங்கங்கேன்."

கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் வெளியே வந்தன. சண்முகக்கனி தைக்க ஆரம்பித்தாள். பார்வை ஊசியில் இருந்தபோதே கேட்டாள்.

"உங்களப் பாத்தா ஜெபம் பண்ணுத ஆளு மாதிரித் தெரியுது. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளை எத்தனை நாள்ல திரும்பி வரும்?"

எப்சிபாவுக்குப் புரியவில்லை. "லிங்கதுரை கீழே மருந்து வாங்கத்தானே போயிருக்கார்?"

"அவன் இல்ல. எம் மக."

"மகளா? உங்களுக்கு மகள் இருக்காங்களா?"

"சுபிக்ஷா. சுபின்னு கூப்பிடுவோம். அஞ்சு வயசுல டெங்குல போயிட்டா. லிங்கத்துக்கு அப்ப எட்டு. அன்னையிலேர்ந்து அவ பேரை அவன் வாயால சொன்னதில்ல. போட்டோவக்கூட எடுத்து உள்ள வச்சுட்டான். நானும் அவன்கிட்டப் பேசுறதில்ல." ஊசி ஒரு தையல் போட்டு நின்றது. "செத்துப் பதினாறு கழிச்சு என்கிட்ட வந்தா."

எப்சிபா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"கனவுலதான். பைத்தியம்னு நினைச்சுராதிய. கனவுன்னு எனக்குத் தெரியும். வாரத்துல ஒருநா, பத்து நாளைக்கு ஒருநா, வந்துருவா. செத்தவங்க கனவுல அதே வயசுலயே நிப்பாங்கன்னு சொல்லுவாங்க. இவ வளந்தா தாயி. முன்பல்லு விழுந்துச்சு. கூரை மேல எறிஞ்சோம். பள்ளிக்கூடம் போனா. நான் நாடாவ எடுத்து அளப்பேன், யூனிபார்முக்கு. எட்டாங்கிளாஸ்ல தோள் பதிமூணு இஞ்ச். ஆளானப்போ நான்தான் தண்ணி ஊத்துனேன். காலையில எந்திரிச்சா அந்த அளவு மறக்காம இருக்கும். யாருக்குத் தைக்க? இருந்தாலும் இருக்கும்."

"இப்போ அவளுக்கு என்ன வயசு?" எப்சிபா தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

அப்படி ஒருவர் கேட்டதே சண்முகக்கனிக்குப் போதுமானதாக இருந்தது. முகம் ஒரு கணம் மலர்ந்தது. "இருபத்திநாலு முடிஞ்சிருச்சு. நல்ல உசரம். என் மாமியார் சாடை. அதான் வாய் கொஞ்சம் நீளம்." உடனே அந்த மலர்ச்சி அணைந்தது. "கடைசியா வந்தப்போ ஒரு பையனக் கூட்டிட்டு வந்தா."

"பையனா?"

"ஆமா. கட்டிக்கப்போறேங்கா. அவன் வாசல்ல வெயிலுக்கு முதுகக் காட்டி நிக்கான். முகமே தெரியல. முகம் தெரியாத பயலுக்கு எப்படிம்மா பொண்ணக் குடுக்க? ஊரு என்ன, பேரு என்னன்னு கேட்டா ரெண்டு பேரும் பேச மாட்டேங்காங்க. எனக்குக் கோவம் வந்துட்டு. நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன், வெளிய போன்னுட்டேன்."

ஊசி முற்றிலும் நின்றுவிட்டது.

"அவ ஒண்ணுமே சொல்லல. செருப்ப மாட்டிக்கிட்டு அவன்கூடப் போயிட்டா. அதுக்கப்புறம் வரல. இன்னையோட எண்பத்தாறு நாள். திருச்செந்தூர் போனேன். பனிமய மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். எங்க சாமி ஒங்க சாமின்னு பாக்கல. சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும், ஒரே ஒரு நாள் வந்தாப் போதும். படுக்கேன். கண்ண மூடுனா விடிஞ்சிருது. நடுவுல ஒண்ணுமே இல்ல. கெணத்துக்குள்ள கல்லப் போட்டமாதிரி." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "செத்த பிள்ளைய வீட்டவிட்டு வெரட்டுனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

மாத்திரை தொடங்கி எண்பத்தெட்டு நாள். முதல் மாத்திரை உடம்பில் ஊற இரண்டு நாள் ஆகும். எப்சிபா கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். தையல் இருந்த இடமே தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். லிங்கதுரை மருந்துப் பையோடு கதவருகே வந்து நின்றான்.

அவர்கள் போனதும் அவள் நல்லபெருமாளின் அறைக்குப் போனாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் இடையில் பேசவில்லை. பிறகு கணினியின் பக்கம் திரும்பி, அவள் கேட்காமலேயே வேலையை ஆரம்பித்தார். தன் ஓய்வு நேரத்தையும் சேர்த்து மூன்று நாள் முயன்றார்.

மூன்றாம் நாள் நாற்காலியில் சாய்ந்தார். "கனவை விலக்கி வரைஞ்சா, எவ்வளவு இழுத்தும் அறுபத்திரண்டுதான். கையை விட்டுக்கொடுத்துப் பாத்தேன், அறுபத்தாறு. கை, கண் ரெண்டையும் விட்டா அறுபத்தெட்டு. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. கட்டியோட நொதியும் கனவோட நொதியும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு எப்சிபா."

"பத்து நாள் நிறுத்திட்டு மறுபடி குடுத்தா? ஒரே ஒரு தடவை பாத்துட்டா அந்த அம்மா தேறிருவாங்க."

"கட்டியில மிச்சம் இருக்கிறது சும்மா இருக்கும்னு நினைக்கிறீங்களா? அந்தப் பத்து நாள்ல நொதி தன் வாயோட அமைப்பையே மாத்திக்கும். அப்புறம் இந்த மருந்து போய் முட்டிட்டுத் திரும்பி வரும். புதுசா வரையறதுக்குள்ள..." அவர் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லாதீங்க. சொன்னா மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிருவாங்க. நான் அந்த இடத்துல இருந்தா எறிஞ்சிருவேன்."

"சொல்லாட்டி, பிள்ளை தன்னை வெறுத்துட்டுப் போயிருச்சுன்னு நினைச்சே வாழணும் சார்."

"வாழுவாங்களே."

"சாப்பிடாம எத்தனை நாள்?"

அவர் திரையை அணைத்தார்.

ஞாயிறு ஆராதனையில் எப்சிபாவால் பாட முடியவில்லை. இரக்கம் என்று நினைத்துத் தான் போட்ட ஒரு சிறு குறி, ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்த மகள் கனவுதானே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பது வருடம் அளவெடுத்து வளர்த்தவளிடம் போய் அப்படிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? எனக்கு ஒரு வழி காட்டும் என்று அவள் ஜெபித்தாள். வழி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகியது: கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் விட்டதைக் கேட்டாக வேண்டும்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சண்முகக்கனியின் வீட்டுக்குப் போனாள். லிங்கதுரை ஒன்றரை மணிக்குச் சாப்பிட வருவான் என்று தெரியும். அவள் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாள். முன்னறையில் தையல் இயந்திரம். கொடியில் நீலப் பாவாடைகள் வரிசையாகத் தொங்கின. சண்முகக்கனி மோர் கொண்டுவந்து கொடுத்து, எதிரே இயந்திரத்தின் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதைச் சொன்னா உங்க மகனுக்குக் குடுத்த வாக்கை மீறினதா ஆகும். முதல்ல, உங்களுக்கு வந்திருக்கிற நோய்..."

"புத்து" என்றாள் சண்முகக்கனி.

எப்சிபாவின் கையில் மோர்த் தம்ளர் அப்படியே நின்றது.

"ஆசுபத்திரி வாசல்ல ஆள் உசரத்துக்கு அதைத்தானே எழுதிப் போட்டிருக்கு. நான் ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ தாயி. பித்தப்பைக் கல்லாம்! எதிர்த்த வீட்டு அந்தோணியம்மாளுக்குப் பித்தப்பைக் கல்லு வந்துச்சு, நாலே நாள்ல எடுத்துட்டு வந்துட்டா." அவள் லேசாகச் சிரித்தாள். "அவன் சொல்லும்போது மூஞ்சியப் பாத்தேன். எட்டு வயசுல தங்கச்சியத் தூக்கிட்டுப் போகும்போது இருந்த அதே மூஞ்சி. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா, அவன் என் முன்னாடி தைரியமா நடிக்க முடியாதுல்லா. அதான் கல்லுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எப்சிபா தம்ளரைக் கீழே வைத்தாள். இந்தப் பெண் எதையும் தாங்குவாள் என்பது முதல் நாளே தெரிந்திருக்கக் கூடாதா? கேன்டீன் மூன்று மாடி இறங்கினால் வந்துவிடும் தூரம்தானே.

மீதியையும் சொன்னாள். நொதியையும் அதன் சொந்தக்காரர்களையும் சொன்னாள். பட்டியலைச் சொன்னாள். கடைசியில், "உங்களுக்குக் கனவு வராம இருக்கிறது அந்த மாத்திரையாலதாம்மா. வேற எதனாலயும் இல்ல" என்றாள்.

சண்முகக்கனி வெகுநேரம் அசையவில்லை. அவளுடைய கால் மட்டும் பழக்கத்தில் மிதியை அழுத்தியது. துணி இல்லாமல் ஊசி இரண்டு முறை ஏறி இறங்கியது. எப்சிபா அழுகைக்குத் தயாராக இருந்தாள், ஏச்சுக்கும் தயாராக இருந்தாள்.

"அப்ப," என்றாள் சண்முகக்கனி மெல்ல, "அவ கோவிச்சுக்கிட்டுப் போகல."

"இல்லம்மா."

"வரணும்னுதான் இருந்திருக்கா. கதவு அடைச்சிருக்கு."

"ஆமாம்மா."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அது துக்கம் மட்டும் இல்லை என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. எண்பத்தெட்டு, தொண்ணூறு நாளாக மார்பில் ஏற்றிவைத்த கல் இறங்கும்போது உடம்பு அப்படித்தான் குலுங்கும். எப்சிபா எழுந்து போய் முக்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. அன்னைக்கு நீங்க கீழேதான் இருந்தீங்க. நான் இறங்கி வந்து உங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்கல."

"கேட்டிருந்தா கையை எடுத்துக்கோன்னிருப்பேன். கண்ணை எடுத்துக்கோன்னிருப்பேன். கண்ணில்லாதவளுக்குக் கனவு வராதா?"

"அப்படியும் கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்மா. கையும் கண்ணும் போனாலும் மருந்தோட பிடி பத்தல. கேட்டிருந்தாலும் உயிரா கனவான்னு ரெண்டுல ஒண்ணுதான். ஆனா நீங்கதான் தேர்ந்தெடுத்திருக்கணும்."

சண்முகக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மாத்திரைய நிறுத்துனா வருவாளா?"

எப்சிபா பொய் சொல்லப்போவதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். "வருவா. பத்து நாளைக்குள்ள."

"நோயும்?"

"அதுவும் வரும். அப்புறம் இந்த மாத்திரை கேக்காது. அஞ்சாறு மாசம்."

"அஞ்சாறு மாசம்னா எத்தனை தடவ வருவா... பதினஞ்சு, இருபது தடவ." விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தவள் நிறுத்தினாள். கொடியில் ஒரு ஓரமாக, பாவாடைகளுக்கு அப்பால் லிங்கதுரையின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

"அவன் பட்டியல் குடுத்தானே, மொதல்ல எதைச் சொன்னான்?"

"உங்க கையை."

"கடைசியா?"

"ஞாபகத்தை. தன்னை நீங்க மறந்துறக்கூடாதுன்னு."

"பாத்தியளா, அவன் புத்திய!" குரல் தழுதழுத்தது. "இத்தனை வருசம் ராத்திரியெல்லாம் அவளோட இருந்துட்டு, பகல்ல பாதி அவ நினைப்புலயே இருந்திருக்கேன். இவனைச் சரியா அளந்துகூடப் பாத்ததில்ல. இவன் சட்டை கடையில வாங்குன சட்டை."

மருத்துவமனையின் சார்பில் அறிவுரை சொல்ல எப்சிபாவிடம் எதுவும் மிச்சமில்லை. தரையில் உட்கார்ந்தபடி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடிந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவை ஒருமுறை இறுகி, பிறகு தளர்ந்தன.

ஒரு மணி ஆனது. வேளை வந்ததும் ஒலிக்கும் மருந்துப் பெட்டி மெல்லக் கூவியது. சண்முகக்கனி அதை எடுத்தாள். வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதோட பேர் என்ன?"

"பேர் இல்லம்மா. ஒரு எண்தான். உலகத்துலயே உங்களுக்கு மட்டும் செஞ்சது."

"எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க, அது எம் பிள்ளைய எடுத்துக்கிட்டு" என்றாள், மாத்திரையிடம் சொல்வதுபோல. கோபமில்லாமல்தான் சொன்னாள். "இவ்வளவுதான் இருக்கு பாருங்க, சட்டைப் பொத்தான் அளவு."

தண்ணீர்ச் சொம்பை அவளே எடுத்தாள். சண்முகக்கனி கொடியில் கிடந்த பாவாடைகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலில் நண்பகல் வெயில் கண் கூசும்படி அடித்தது. அங்கே யாரோ நிற்பதுபோல, அவருக்குக் கேட்கும்படியான குரலில், "சம்மதந்தாம்மா. நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்றாள். மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு எப்சிபாவின் பக்கம் திரும்பினாள்.

"அவன்ட்டச் சொல்லிராதிய" என்றாள் பிறகு. "எதை எழுதிக் குடுத்தான்னு தெரிஞ்சா அவன் பிழைக்க மாட்டான். தங்கச்சிய ரெண்டாவது தடவையும் தூக்கிட்டுப் போனமாதிரி ஆயிரும். நீங்க அவனுக்குக் குடுத்த வாக்க எனக்காக மீறுனீய. இப்ப எனக்கு ஒரு வாக்குக் குடுங்க. இத மீறக்கூடாது."

எப்சிபா அவள் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. லிங்கதுரை தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தான். எப்சிபாவைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. அம்மாவின் சிவந்த கண்களைப் பார்த்ததும் இன்னும் வெளிறியது.

"என்னம்மா? மேடம் என்ன விசயமா வந்திருக்காங்க? எதுக்கு அழுத?"

"கோட்டு தைக்க அளவு குடுக்க வந்தாங்கடே. பேச்சுவாக்குல அவங்க ஆசுபத்திரிக்கு வார ஒரு பொம்பளையப் பத்திப் பேசிட்டிருந்தோம். ஒரே மகளாம். கட்டிக் குடுத்து அனுப்பிட்டாளாம். ரொம்பத் தூரத்துல."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். "அதுக்கு நீ ஏன் அழுத? நல்ல காரியந்தானே?"

"நல்ல காரியந்தான்."

"மாப்பிள்ளை எப்படியாம்?"

சண்முகக்கனி கழுத்திலிருந்த நாடாவை உருவி எடுத்தாள். அவனைத் திருப்பி நிறுத்தி, முதுகுப்புறம் நின்று, அவன் தோளுக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்தாள். அவன் கூச்சத்தோடு நெளிந்தான்.

"அசையாம நில்லுடே, ஒனக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்றாள். "மாப்பிள்ளைய அவ சரியாப் பாக்கலியாம். நல்ல பையனாத்தான் இருக்கணும். பிள்ளை தானே புடிச்சிக் கூட்டிட்டு வந்த ஆளு."